எவன் நாடோ அவன் மதம்

குமரிக் கரையின் கதை - பகுதி 12

சென்ற பகுதியை 1545 ஜனவரியில் நிறுத்தியிருந்தோம். பொழியூர் தொடங்கி மணக்குடி வரை முக்குவர் ஊர்களில் நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் அதிகமான பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சவேரியார் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தோடு அந்தப் பகுதி முடிந்தது. அதற்கு வழிவிட்டவர் வேணாட்டு அரசர் உன்னி கேரள வர்மா. அவர் கிறிஸ்தவராகவில்லை. தன் குடிகளில் ஒரு பகுதியினர் வேறொரு கடவுளை வணங்கப் போவதைத் தடுக்கவும் இல்லை.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பது நம் மண்ணில் நின்று பார்த்தால் தெரியாது. அரசனுக்கு ஒரு தெய்வம், குடிகளுக்குப் பல தெய்வம் என்பது இங்கே வழக்கமான சங்கதி. ஆனால் சவேரியார் எந்த நிலத்திலிருந்து கப்பலேறி வந்தாரோ அந்த நிலத்தில், அதே தலைமுறையில், இதற்கு நேர் எதிரான ஒரு சட்டம் பிறந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டம் கடைசியில் முப்பது ஆண்டுப் போராக வெடித்து நடு ஐரோப்பாவைச் சாம்பலாக்கியது. அந்தப் போரின் ஒரு கிளை கடல் கடந்து தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் வந்தது. ஆகவே இந்தப் பகுதியில் நாஞ்சில் நாட்டிலிருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

தொடர்பு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் அரசரின் ஆளுகைக்குள் இருந்தது. மணப்பாட்டிலும் குமரியிலும் ஓலைக் கூரைக் கோயில்களில் பூசை வைத்த பாதிரியார்களுக்குப் புரவலராக இருந்தவர் அந்த அறுபது ஆண்டுகளும் மத்ரித்தில் அமர்ந்திருந்த ஹாப்ஸ்பர்க் குடும்பத்து அரசர். அதே குடும்பத்தின் மற்றொரு கிளை வியன்னாவில் ஜெர்மானியப் பேரரசராக இருந்தது. ஐரோப்பாவின் மதப் போரை முன்னின்று நடத்தியது அந்த வியன்னாக் கிளைதான். ஸ்பெயின் அரசருக்கு எதிராகக் கிளர்ந்து தனி நாடு கண்ட டச்சுக்காரர்கள், அவருடைய சொத்து எங்கிருந்தாலும் அடிக்கலாம் என்று கிளம்பியபோது, முத்துக்குளித் துறையும் அவர்கள் பட்டியலில் ஏறியது.

இனி அந்தச் சட்டம். லூதர் தொடங்கிவைத்த பிளவுக்குப் பிறகு ஜெர்மன் நாடுகளில் கத்தோலிக்க அரசர்களும் லூதரன் அரசர்களும் மோதிச் சலித்து, 1555-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். எவன் நாடோ அவன் மதம். அரசன் எந்தச் சபையைச் சேர்ந்தவனோ அதுவே குடிகளின் சபை. ஒப்பாதவர்கள் சொத்தை விற்றுக்கொண்டு வேறு அரசனின் நாட்டுக்குப் போகலாம். அன்றைக்கு இது சமாதான வழி என்றே கருதப்பட்டது. ஒருவகையில் ஆமாம். அரசர்களுக்கு இடையே அரை நூற்றாண்டு அமைதியை அது தந்தது.

குடிகளுக்கு என்ன தந்தது என்பதை ஹைடல்பர்க் நகரைப் பார்த்தால் புரியும். அந்தச் சிற்றரசில் 1550-களில் லூதரன் அரசர். அடுத்து வந்தவர் கால்வினியர். 1576-இல் பட்டமேறிய அவர் மகன் மறுபடி லூதரன். 1583-இல் அவரும் இறக்க, மறுபடி கால்வினியம். முப்பது ஆண்டுக்குள் போதகர்களும் ஆசிரியர்களும் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள், புதியவர்கள் வந்தார்கள், பிள்ளைகள் படிக்க வேண்டிய ஞான உபதேசப் புத்தகம் மாறிக்கொண்டே இருந்தது. அதிலும் கால்வினியர்களுக்கு 1555 உடன்பாட்டில் இடமே இல்லை. அந்தப் பெரிய ஓட்டையை அடைக்காமலே விட்டுவிட்டார்கள்.

1618 மே 23-ஆம் நாள் அந்த ஓட்டை உடைந்தது. பொகீமியாவின் தலைநகரான பிராகில், புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கோட்டைக்குள் நுழைந்து, கத்தோலிக்க அரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களின் எழுத்தரையும் சன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். ஏறத்தாழ எழுபது அடி உயரம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதூதர்கள் தாங்கிப் பிடித்தார்கள் என்றனர் கத்தோலிக்கர். குப்பைமேட்டில் விழுந்ததால் தப்பினார்கள் என்றனர் மற்றவர்கள். 1620 நவம்பர் 8-இல் பிராகுக்கு வெளியே வெள்ளைமலை என்ற குன்றில் நடந்த சண்டை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்தது. கிளர்ச்சிக்காரர்கள் தோற்றார்கள். 1621 ஜூன் 21-இல் நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை. பன்னிரண்டு தலைகளைப் பாலத்தின் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்து ஆண்டுகள் அவை அங்கேயே இருந்தன.

அந்தத் தலைகளில் ஒன்று யான் யெசேனியுஸ் என்பவருடையது. மருத்துவர், பிராக் பல்கலைக்கழகத் தலைவர். 1600-இல் அந்த நகரில் முதன்முதலாகப் பலர் முன்னிலையில் மனித உடலை அறுத்து உள்ளுறுப்புகளை விளக்கிக் காட்டியவர். அதே ஆண்டு வானியலாளர் டைக்கோ பிராஹேயிடம் வேலைக்கு வந்த ஓர் இளைஞருக்கும் டைக்கோவுக்கும் சம்பளத் தகராறு வந்தபோது நடுவில் நின்று சமாதானம் பேசியவரும் அவரே. கிளர்ச்சிக்காரர்களின் தூதராகப் பேசிய குற்றத்துக்காக, தலையை வெட்டும் முன் அவர் நாக்கை அறுத்தார்கள்.

அந்த இளைஞர் யோகான்னஸ் கெப்ளர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கோள்கள் நீள்வட்டத்தில் சுழல்கின்றன என்று கண்டுபிடித்தவர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அவர் வாழ்ந்த விதம் அந்தப் பாடத்தில் வருவதில்லை. கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியராக இருந்தார். அந்த நாட்டரசர் கத்தோலிக்கர். மதம் மாற மறுத்ததால் 1600-இல் கெப்ளர் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார். பிராகில் டைக்கோவிடம் சேர்ந்தார். பிறகு லின்ஸ் நகருக்குப் போனார். அங்கே அவருடைய சொந்த லூதரன் சபையே அவருக்கு நற்கருணை தர மறுத்தது. சபையின் கொள்கை ஆவணம் ஒன்றில், கிறிஸ்துவின் உடல் எங்கும் நிறைந்திருப்பது பற்றிய பகுதியில் மனமொப்பி அவரால் கையெழுத்திட முடியவில்லை. இட்டிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. அவர் இடவில்லை. 1615-இல் அவருடைய வயதான தாய் கத்தரீனாமீது சூனியக்காரி என்று பழி விழுந்தது. 1620-இல் சிறையில் அடைத்தார்கள். மகன் வேலையை விட்டு ஓடிவந்து, வழக்கின் ஒவ்வொரு சாட்சியத்துக்கும் எழுத்தில் மறுப்புக் கொடுத்து, 1621-இல் அவரை மீட்டார். அடுத்த ஆண்டே அந்தத் தாய் இறந்துபோனார். கோள்களின் இசைவைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1619-இல், இந்த வழக்கின் நடுவில்தான் வெளிவந்தது. 1630-இல் வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கப் போன பயணத்தில் ரேகன்ஸ்பர்கில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தையும் போர் அழித்துவிட்டது. எங்கே கிடக்கிறார் என்பது இன்றைக்கும் தெரியாது.

இரண்டு பக்கமும் இவரைத் தங்கள் ஆள் என்று ஏற்கவில்லை. கத்தோலிக்கர் இவரைத் துரத்தினர். லூதரன்கள் பந்தியில் சேர்க்கவில்லை. எவன் நாடோ அவன் மதம் என்ற சட்டத்தில் மனச்சாட்சியுள்ள தனி மனிதனுக்கு இடமில்லை என்பதற்கு கெப்ளரைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பொகீமியாவில் 1627-இல் புதிய சட்டம் வந்தது. கத்தோலிக்கம் ஒன்றுதான் செல்லும். பிரபுக்கள் மாற வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். கிளம்பியவர்களில் ஒருவர் கொமேனியுஸ் என்ற போதகர். போரைத் தொடர்ந்து வந்த கொள்ளைநோயில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்கெனவே பறிகொடுத்திருந்தார். 1628-இல் எல்லை தாண்டியவர் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. நாடு நாடாக அலைந்து, எல்லாக் குழந்தைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளி வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். படம் பார்த்துச் சொல் கற்கும் பாடநூலை 1658-இல் வெளியிட்டார். இன்று நம் பாலவாடிக் குழந்தைகள் கையில் இருக்கும் படப் புத்தகங்களுக்கெல்லாம் அது முன்னோடி. 1658 என்ற ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கு நம் கடற்கரையிலும் வேலை இருக்கிறது.

போரின் மீதிக் கதையை விரைவாகக் கடக்கலாம். 1631 மே மாதம் மாக்டபர்க் நகரம் எரிந்தபோது ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் புராட்டஸ்டண்டுகளைக் காக்க வந்து 1632-இல் போர்க்களத்தில் விழுந்தார். 1635-இல் பிரான்ஸ் நேரடியாகக் களமிறங்கியது. கர்தினால் ஒருவரால் ஆளப்பட்ட கத்தோலிக்க நாடு, புராட்டஸ்டண்டுகளின் பக்கம்! ரிஷ்லியூ என்ற அந்தக் கர்தினாலுக்கு ஹாப்ஸ்பர்க் குடும்பத்தை ஒடுக்குவதே முக்கியம். அதன்பிறகு அதை மதப் போர் என்று சொல்ல அரசர்களுக்கே வாய் வரவில்லை. 1648-இல் வெஸ்ட்பாலியாவில் கையெழுத்தானபோது ஜெர்மன் நாடுகளில் சில வட்டாரங்கள் பாதிக்கும் மேல் மக்களை இழந்திருந்தன.

இப்போது நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். ஜெர்மனியில் அந்தப் போர் உச்சத்தில் இருந்த 1634-ஐ ஒட்டி, கொல்லம் ஆண்டு 810-இல், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மதுரைத் திருமலை நாயக்கரின் படை இறங்கியது. வேணாட்டு மன்னர் இரவிவர்மர் கல்குளத்தில் இருந்தார். நாயக்கர் கேட்டது கப்பம். பழையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளையும் நாஞ்சில் ஏலாக்கள் மதுரையின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் சண்டை. வேணாட்டுப் படையை நடத்திச் சென்ற இரவிக்குட்டிப் பிள்ளை அங்கே விழுந்தார்.

இந்தப் போரை நம் மக்கள் மறக்கவில்லை. இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் என்ற கதைப்பாடலாக வில்லுப்பாட்டுக்காரர்களின் நாவில் அது தலைமுறைகளாக வாழ்ந்தது. கெட்ட கனவு கண்டு போக வேண்டாம் என்று தடுக்கும் வீட்டுப் பெண்கள், பொறாமையால் களத்தில் கைவிட்டுப்போன எட்டு வீட்டுப் பிள்ளைமார், வெட்டிய தலை நாயக்கர் பாசறைக்குப் போனது, தன்னந்தனியே போய் அதைக் கேட்டு வாங்கிவந்த தோழன். கேட்கிற எவரையும் கலங்க வைக்கும் இடங்கள் இவை. பிராகில் அந்தப் பன்னிரண்டு தலைகள் பத்து ஆண்டு தொங்கின. கணியாகுளத்தில் விழுந்த தலை, பகைவனே மரியாதையோடு திருப்பித் தந்ததாகப் பாடல் சொல்கிறது. பாடலில் கற்பனை கலந்திருக்கும். ஆனாலும் பகைவனிடம் இப்படி ஒரு பெருந்தன்மையை எதிர்பார்க்கலாம் என்று பாடியவர்களும் கேட்டவர்களும் நம்பினார்கள் என்பது உண்மை.

போர் என்றால் போர்தான். அதை அழகாக்க வேண்டியதில்லை. படை புகுந்ததில் நாஞ்சில் நாட்டில் பயிர் ஏறவில்லை; விளையாத நிலத்துக்கு வரி கட்ட முடியாது என்று நாட்டார் முறையிட, அரசர் வரியைத் தள்ளுபடி செய்து கொடுத்தார். சாதாரண உழவனுக்கு மாக்டபர்க் குடியானவன் பட்ட துன்பத்தின் சாயலே இங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வென்ற நாயக்கர் தோற்றவர்களைப் பார்த்து உங்கள் சாமியை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு நினைப்பே இரு தரப்பிலும் யாருக்கும் எழவில்லை. கேட்டது நெல்லும் பணமும்.

நாஞ்சில் நாட்டு அரசர்களிடம் இந்த வழக்கம் புதிதல்ல. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பூதலவீர உதயமார்த்தாண்டர் என்ற வேணாட்டு அரசர் அங்கே இருந்த சமணப் பண்டிதர்களுக்குக் கொடை கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. லூதர் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நிறுத்தப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான், 1521-இல். கோட்டாற்றில் 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேசு சபையாருக்குக் கோயில் கட்டிக்கொள்ள வேணாட்டு அரசர் இசைவு கொடுத்தார். அதே பதினேழாம் நூற்றாண்டில், கல்குளம் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தக்கலையில் தறியில் அமர்ந்து நெய்தபடி ஞானப் பாடல்கள் பாடினார் பீர் முகம்மது அப்பா. அவருடைய ஞானப்புகழ்ச்சியை இன்றும் ஆண்டுதோறும் அவர் தர்காவில் கூடியிருந்து இரவெல்லாம் பாடுகிறார்கள். இறைவனைப் பற்றித் துணிந்து சிந்தித்த ஒரு நெசவாளி, வேறு மதத்து அரண்மனையின் நிழலில், யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் வாழ முடிந்தது. லின்ஸ் நகரத்துக் கெப்ளரையும் தக்கலை அப்பாவையும் ஒரே நூற்றாண்டின் மனிதர்களாகச் சேர்த்துவைத்துப் பார்க்க என் மனம் விரும்புகிறது.

இதைக் கேட்டதும் நம் அரசர்கள் எல்லாரும் மகான்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். உன்னி கேரள வர்மாவுக்குப் போர்த்துக்கீசியரின் உதவி வேண்டியிருந்தது. வடக்கேயிருந்து வடுகப் படை வந்துகொண்டிருந்தது. உள்நாட்டிலும் போட்டியாளர்கள் இருந்தார்கள். சவேரியார் இடையில் நின்று பேசக்கூடியவர். அதுவும் ஒரு காரணம். இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் அருகிலேயே உண்டு. 1544-இல் மன்னாரில் கிறிஸ்தவர்களான சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசர் சங்கிலி கொன்றார். அவர்கள் மதத்தோடு சேர்த்து விசுவாசத்தையும் போர்த்துக்கீசிய அரசருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. ஆகவே இந்த மண்ணின் அரசர்களுக்கு மதம் தனியாக ஒரு சிக்கலாகத் தோன்றவில்லை. வரியோ ஆட்சியோ ஆட்டம் காணும்போதே அது சிக்கலாயிற்று. அந்த அலட்சியத்தில் குடிமக்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

ரோமிலும் இதே காலத்தில் நம் நாட்டைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்தது. மதுரையில் 1606-இல் குடியேறிய இராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, புலால் விட்டு, தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழிலும் வடமொழியிலும் வாதம் செய்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நாட்டு வழக்கங்கள், மதக் குறிகள் அல்ல, மதம் மாறியவர்கள் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. சக பாதிரியார்களே அவரைப் பற்றிப் புகார் எழுதினார்கள். அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மின் முதலில் அவரைக் கண்டித்து எழுதினார். 1616-இல் கலிலியோவை அழைத்து, பூமி சுற்றுகிறது என்ற கொள்கையை விடும்படி எச்சரித்தவரும் இதே பெல்லார்மின்தான். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் நோபிலிக்கு எதிராக நின்றார்கள். கடைசியில் 1623 ஜனவரி 31-இல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.

இந்தக் கிரகோரி இரண்டரை ஆண்டுதான் போப்பாக இருந்தார். அதற்குள் அவர் கைபட்ட காரியங்களைப் பாருங்கள். 1622 மார்ச் 12-இல் நம் சவேரியாரைப் புனிதராக்கினார். வெள்ளைமலைக்குப் பின் பேரரசரின் படைக்கும் கத்தோலிக்கக் கூட்டணிக்கும் பணம் அனுப்பினார். அந்தக் கூட்டணிப் படை ஹைடல்பர்கைப் பிடித்தபோது, அங்கிருந்த புகழ்பெற்ற நூலகம் அவருக்குப் பரிசாக வந்தது. ஏறத்தாழ 3,500 கையெழுத்துச் சுவடிகள் 1623-இல் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமுக்குப் போயின. ஜெர்மானியக் கால்வினியனின் நூலகத்தைப் பறித்துக்கொண்ட அதே கை, மதுரைக்காரனின் குடுமிக்கு அனுமதி எழுதியது. தூரத்தில் இருக்கிறவனின் வேறுபாடு பொறுத்துக்கொள்ள எளிதாக இருக்கிறது, வீட்டுக்குள் இருப்பவனின் வேறுபாடு தாங்க முடியாததாக இருக்கிறது.

நோபிலியின் ஏற்பாட்டில் ஒரு குறை இருந்ததைச் சொல்லாமல் போவது நியாயமல்ல. குடுமியோடும் பூணூலோடும் சாதியும் உள்ளே வந்தது. 1640-க்குப் பிறகு மேல்சாதியாருக்கு ஒரு வகைப் பாதிரியார், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று ஆட்களையே பிரித்தார்கள். மதுரையில் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த பரவர்கள் அவருக்கு எட்ட நின்றார்கள். அந்தப் பிரிவினையின் வடு நம் மாவட்டத்துக் கோயில்களில் பின்னர் எத்தனை வழக்குகளாயிற்று என்பதை இந்தத் தொடரிலேயே பார்ப்போம்.

இனி டச்சுக்காரர்கள். அவர்களின் வழக்கறிஞர் ஹியூகோ குரோஷியுஸ். சிங்கப்பூர் அருகே 1603-இல் ஒரு போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக் கம்பெனி பிடித்துவிட்டது. அது நியாயம்தான் என்று வாதாட அமர்ந்த அந்த இளைஞர், 1609-இல் கடல் எல்லாருக்கும் பொது என்ற சிறுநூலை வெளியிட்டார். அதில் நமக்கு வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. இலங்கைக்கும் சாவகத்துக்கும் சொந்த அரசர்கள் உண்டு, சொந்தச் சட்டம் உண்டு. கிறிஸ்தவர் இல்லை என்பதற்காக ஒருவன் தன் நாட்டையும் சொத்தையும் இழந்துவிடமாட்டான் என்று எழுதினார். கம்பெனியின் மிளகுக்காக எழுதப்பட்ட வாதம் என்றாலும், அந்த வரிகளில் ஒரு பெரிய உண்மை உட்கார்ந்திருந்தது. பத்து ஆண்டு கழித்து அவரையே மதம் கவ்வியது. டச்சு கால்வினியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டதில் தோற்ற பக்கம் இவர் பக்கம். 1619-இல் ஆயுள் சிறை. புத்தகம் கொண்டுவரும் பெட்டிக்குள் ஒளிந்து, மனைவி மரியாவின் துணிவால் 1621-இல் தப்பினார். பாரிசில் அகதியாக இருந்து 1625-இல் போருக்கும் அமைதிக்குமான சட்டத்தை எழுதினார். போரிலும் செய்யக்கூடாதவை உண்டு என்று உலக நாடுகள் இன்று பேசும் பேச்சின் ஆணிவேர்களில் ஒன்று அந்த நூல்.

குரோஷியுஸ் இறந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1658-இல், அவர் முன்பு வாதாடிய அதே கம்பெனியின் தளபதி ரிக்லோஃப் வான் கூன்ஸ் தூத்துக்குடியைப் பிடித்தார். அதே ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் விழுந்தன. கொல்லம் கைமாறி மாறி 1661-இல் டச்சுக்காரர்களிடம் நிலைத்தது. 1663-இல் கொச்சி. ஐரோப்பாவில் போர் ஓய்ந்து பத்து ஆண்டாகியும் அதன் சட்டத்தை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கப் பாதிரியார்கள் வெளியேற வேண்டும். இலங்கையில் அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று ஆணை. நாடு கம்பெனியுடையது, ஆகவே மதமும் கம்பெனியுடையது.

தூத்துக்குடியில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் பார்த்தவர்களில் ஒருவர் பிலிப்புஸ் பால்டியுஸ். டெல்ஃப்டில் பிறந்த கால்வினியப் போதகர், இருபத்தாறு வயது இளைஞர். தமிழ் கற்றவர், பின்னால் 1672-இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் தமிழ் எழுத்துகளையும் அச்சிட்டுக் காட்டினார். பரவர்களிடம் போதித்துப் பார்த்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மாறவில்லை. பூசை காண வேண்டும் என்றால் கம்பெனியின் எல்லை தாண்டி, நாயக்கர் ஆட்சிக்குட்பட்ட உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தார்கள். அங்கே பாதிரியார்கள் காத்திருந்தார்கள். சைவ வைணவக் கோயில்களுக்குக் கொடை கொடுத்த மதுரை நாயக்கரின் மண், டச்சு கிறிஸ்தவர்களிடமிருந்து தப்பிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பூசை காணும் இடமாயிற்று. குமரிமுனைக்கு மேற்கே, மணக்குடி முதலான முக்குவர் ஊர்கள் வேணாட்டு அரசரின் ஆளுகையில் இருந்ததால் அங்கே டச்சுக்காரர்களின் ஆணைக்கு வேலையே இல்லை.

ஏன் மாறவில்லை? வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்ற ஏழு துறைகளையும் ஒரு சாதித் தலைவரும் ஊர்தோறும் பட்டங்கட்டிமாரும் கட்டிவைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் அந்தக் கட்டுக்கோப்போடு சேர்ந்து நூறு ஆண்டு வேர் விட்டிருந்தது. அவர்கள் மொழியில் வேத பாடமும் இருந்தது. அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்தார். 1586-இல் அடியார்களின் வரலாற்றையும் அச்சேற்றினார். மாதாவின் சுரூபத்தையும் தேர்த் திருவிழாவையும் கைவிட்டு வெறுஞ்சுவர்க் கோயிலுக்கு வாருங்கள் என்று கால்வினியர் அழைத்தால் எந்தக் கடற்கரைக்காரர் போவார்? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு இருந்தது. கம்பெனிக்கு முத்து வேண்டும். முத்துக்குக் கடலில் குதிக்கப் பரவர் வேண்டும். அவர்கள் படகை ஏற்றிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டால் கம்பெனிக்கு மணல்தான் மிஞ்சும்.

ஆகவே டச்சுக்காரர்கள் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்கள். தூத்துக்குடி பனிமய மாதா கோயில் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. ஊர் அப்போதும் டச்சுக்காரர்களின் கையில்தான் இருந்தது. கால்வினியக் கம்பெனியின் கொடி பறந்த துறைமுகத்தில் சேசு சபைப் பாதிரியார் ஒருவர் மாதாவுக்குப் பெரிய கோயில் எழுப்பினார். இலங்கையிலும் இதேபோல் ஒன்று நடந்தது. டச்சுக்காரர் தேடிய யோசேப் வாஸ் அடிகளுக்குக் கடைசியில் அடைக்கலம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர்.

பிராகில் சில ஆண்டுகளில் ஒரு நாட்டையே மாற்றிய சட்டம் நம் கரையில் ஐம்பது ஆண்டு முயன்றும் ஓர் ஏழு ஊரை மாற்ற முடியவில்லை. இதற்காக நான் பெருமைப்படுகிறேன். அந்தப் பெருமை அரசர்களுக்கு உரியதாகத் தோன்றவில்லை. மழையிலும் வெயிலிலும் உள்நாட்டுக்கு நடந்துபோய்ப் பூசை கண்டு திரும்பிய பரவர் வீட்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியது.

ஆனால் வேணாட்டின் பொறுமைக்கும் ஓர் எல்லை இருந்தது. கடலோரத்து முக்குவரும் பரவரும் மாறியபோது அரண்மனை அசையவில்லை. அவர்கள் தீண்டாமைக் கோட்டுக்கு அப்பால் இருந்தவர்கள், அவர்களின் கடவுள் யார் என்பது அரண்மனைக்குப் பொருட்டாக இல்லை. 1745-இல் பத்மநாபபுரம் அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அவருக்கு அந்த வேதத்தைச் சொல்லிக்கொடுத்தவர், கால்வினியக் கம்பெனிக்காகச் சண்டையிட்டு 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட கத்தோலிக்கரான டிலனாய். இந்த முறை அரண்மனை சும்மா இருக்கவில்லை. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். நூறாண்டுக்கும் மேல் மதத்தைக் கண்டுகொள்ளாத அரசு அந்த ஒரு மனிதனிடம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதை அடுத்த பகுதியில், நட்டாலத்திலிருந்தே தொடங்குவோம்.

(தொடரும்)